ஒகினாவா கராத்தே: சேர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊரில் நடக்கும் கராத்தே கிளாஸுக்கும் ஒகினாவா கராத்தேவுக்கும் என்ன வித்தியாசம்?

கராத்தே பிறந்ததே ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவில்தான். 1879இல் ஜப்பான் தன் மாகாணமாக ஆக்கிக்கொள்ளும்வரை அது ரியூக்யூ என்ற தனி அரசு. சீனாவோடு நெருங்கிய வணிகம் இருந்தது. ஷூரி, நாஹா, தொமாரி என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்த மூன்று ஊர்களில் கைச்சண்டை சற்றே வெவ்வேறு விதமாக வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷூரி ஆசிரியர் இதோசு அங்கோ அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். 1922இல் ஒகினாவா ஆசிரியர் ஃபுனாகோஷி கிச்சின் தோக்கியோவில் செய்து காட்டினார். பெல்ட் முறை ஜூடோவிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு பல்கலைக்கழக மாணவர்கள் கையில் போய், எட்ட நின்று பாய்ந்து அடித்துப் புள்ளி எடுக்கும் விளையாட்டாகவும் மாறியது. நம் ஊர்களுக்கு வந்ததில் பெரும்பகுதி இந்தத் தோக்கியோ வழியில் வந்தது.

ஒகினாவா வழியில் சண்டையின் தூரமே வேறு. கையை நீட்டினால் எதிராளியின் சட்டைக் காலர் சிக்க வேண்டும், அவ்வளவு பக்கம். அதனால் நிலைகள் குட்டையாக, உயரமாக இருக்கும். உதை இடுப்புக்கு மேலே போவது அரிது. ஒரு கை பிடித்து இழுக்கும், மறு கை அடிக்கும். ஒகினாவாக்காரர்கள் போட்டிக்கே போவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கட்டா (தனியாகச் செய்து காட்டும் அசைவுத் தொடர்) பிரிவில் தங்கம் வாங்கிய கியூனா ரியோ, ரியூயெய்-ரியூ என்ற ஒகினாவா மரபில் பயின்றவர்.

கராத்தேவைக் கொடுத்தது காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே?

இந்தக் கேள்வி வராத முதல் நாள் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், சான்று இல்லை. போதிதர்மர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. அதற்கும் பழைய, 547ஆம் ஆண்டுக் குறிப்பு அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. அவர் சீனாவின் ஷாவோலின் மடத்தில் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்ற கதை, 1624ஆம் ஆண்டைச் சேர்ந்த உடற்பயிற்சி நூல் ஒன்றிலிருந்து கிளம்பியது. அந்த நூலின் முன்னுரைகளே போலி என்பது வரலாற்றாளர் பெரும்பாலோரின் முடிவு.

கராத்தேவின் நேர்வழி எங்கே போகிறது என்பதோ தெளிவு: தெற்குச் சீனத்தின் ஃபுஜியன் மாகாணம், அதன் ஃபுஜோ நகரம். ஒகினாவாக்காரரான உயெச்சி கான்புன் 1897இல் அங்கே போய், பத்தாண்டுக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பினார். நாஹா ஆசிரியர் ஹிகாவொன்னா கான்ரியோ கற்றதும் அங்கேதான். ‘கரா’ என்பதைச் சீனத்தைக் குறிக்கும் எழுத்தால்தான் முன்பு எழுதினார்கள். ‘வெறுமை’ என்ற பொருள் தரும் எழுத்தை வைப்பது என்று 1936 அக்டோபர் 25இல் நாஹாவில் கூடிய ஆசிரியர்கள் முடிவெடுத்தார்கள். அந்த நாளைத்தான் ஒகினாவா இப்போது கராத்தே நாளாகக் கொண்டாடுகிறது.

கோஜு, ஷோரின், உயெச்சி: இதில் எதில் சேரலாம்?

ரியூ என்றால் மரபு. கோஜு-ரியூ: மியாகி சோஜுன் (1888–1953) அமைத்தது. நாஹா வழி. மூச்சு, பிடி, வட்டக் கைவீச்சு. சாஞ்சின் என்ற கட்டாதான் அடித்தளம். ஷோரின்-ரியூ: ஷூரி வழி, சிபானா சோஷின் போன்றவர்கள் வளர்த்தது. மூச்சு இயல்பாக இருக்கும், அசைவில் வேகம் கூடுதல், நைஹாஞ்சி கட்டாவும் இதோசுவின் ஐந்து பினான் கட்டாக்களும் முதலில் வரும். உயெச்சி-ரியூ: கான்புன் கொண்டுவந்தது மூன்றே கட்டா, பிறகு ஐந்து சேர்ந்து எட்டு. விரல் நுனி, கட்டைவிரல் கணு, கால்விரல் நுனி ஆகியவற்றால் அடிப்பார்கள். உடம்பை அடி தாங்கப் பழக்குவதில் இவர்கள் கெடுபிடி.

பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய நல்ல மாஸ்டர் யாரோ, அவருடைய ரியூவே உங்கள் ரியூ. இரண்டு மணி நேரம் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மழைக்காலத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

முதல் மூன்று மாதம் என்ன சொல்லித்தருவார்கள்?

நிற்க, நடக்க, கைமுட்டி மடக்க. சலிப்பாகத்தான் இருக்கும். ஒன்றரை மணி நேர வகுப்பில் அரை மணி உடம்பை இளக்குவது, அரை மணி அடிப்படைக் குத்து, தடுப்பு, உதை, மீதி ஒரே ஒரு கட்டா. கோஜுவில் அது பெரும்பாலும் கெகிசாய். 1940இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக மியாகி இயற்றியது என்பதால் எளிது. மூன்று மாதத்தில் நான்கு கட்டா சொல்லித்தந்துவிட்டார்கள் என்றால் சந்தோஷப்படாதீர்கள். ஒன்றையும் உருப்படியாகச் சொல்லித்தரவில்லை என்று அர்த்தம்.

சாஞ்சினில் எப்படி நிற்பது? முழங்கால் வலிக்கிறதே.

தோள் அகலத்துக்குக் கால்களை விரித்து நில்லுங்கள். வலது காலை அரைவட்டமாக உள்ளே இழுத்து முன்னே வையுங்கள். வலது குதிகாலும் இடது கால் பெருவிரல் நுனியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முன்கால் விரல்கள் லேசாக உள்நோக்கித் திரும்பட்டும், பின்கால் நேராக இருக்கட்டும். முழங்கால் இரண்டும் சற்றே மடங்கட்டும். இப்போது இடுப்பின் வால் எலும்பை உள்ளே சுருட்டுங்கள், நாய் வாலைக் கவட்டைக்குள் இடுக்கிக்கொள்வது மாதிரி. முதுகின் கீழ்வளைவு தட்டையாகும், அடிவயிறு தானாக இறுகும். முழங்கைகள் விலாவிலிருந்து ஒரு முட்டி தள்ளி, முட்டிகள் தோள் உயரத்தில், தோள்கள் கீழே.

முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: பாதத்தைத் திருப்பாமல் முழங்காலை மட்டும் உள்ளே தள்ளுவது. திருகல் இடுப்பு மூட்டில் தொடங்கிப் பாதம்வரை ஒன்றாகப் போக வேண்டும். பாதத்தை மிகையாகத் திருப்பினாலும் இதே வலிதான்.

மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விடுங்கள். எந்த இடத்திலும் அடைத்துக்கொள்ளக் கூடாது. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தால் மூச்சை அடக்குகிறீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் விளையாட வேண்டாம். இறுக்கத்தைப் பாதியாகக் குறைத்து, சத்தமில்லாத மூச்சோடு செய்யுங்கள், மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் பின்னால் வந்து தோளிலும் தொடையிலும் தட்டிப் பார்ப்பார். அது தண்டனை இல்லை. எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே வீணாக இறுகியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை. காது பக்கம் அடிப்பது, பிரம்பு உடைவதைப் பெருமையாகக் காட்டுவது எல்லாம் வேடிக்கை வித்தை.

குத்தினால் மணிக்கட்டு மடங்குகிறது. ஏன்?

முட்டி பிடிப்பதிலேயே கோளாறு. நான்கு விரல்களையும் நுனியிலிருந்து சுருட்டி உள்ளங்கையில் அழுத்துங்கள். பெருவிரல், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மேலிருந்து பூட்ட வேண்டும். உள்ளே போகவும் கூடாது, பக்கத்தில் துருத்தவும் கூடாது. படுவது அந்த இரண்டு விரல்களின் பெரிய கணுக்கள் மட்டும். முன்கையும் புறங்கையும் ஒரு கோடாக இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேலை மேலே வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறது.

முழங்கை விலாவை உரசிக்கொண்டே போகட்டும். முட்டியைத் திருப்புவது கடைசி நான்கு விரற்கடைக்குள். ஆரம்பத்திலேயே திருப்பினால் முழங்கை வெளியே பறக்கும், அடி தோளிலிருந்து வரும், கனமே இருக்காது.

இன்னொன்று. தலையில் முட்டியால் குத்தாதீர்கள். மண்டையோடு கல், கை எலும்பு குச்சி. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிவதுதான் அடிக்கடி நடப்பது. தலைக்கு உள்ளங்கை அடிப்பகுதி, முழங்கை, சுத்தியல் மாதிரி முட்டியின் பக்கவாட்டு. முட்டி வயிற்றுக்கும் விலாவுக்கும்.

மக்கிவாரா வீட்டில் வைக்கலாமா? எவ்வளவு குத்தலாம்?

‘மக்கி’ சுற்றியது, ‘வாரா’ வைக்கோல். நம் மொழியில் வைக்கோல் பிரி சுற்றிய பலகை. மண் தரை இருந்தால் தாராளமாக நடலாம்.

முடிச்சில்லாத, நார் நேராக ஓடும் பலகையாகப் பாருங்கள். நீளம் சுமார் 210 சென்டிமீட்டர், அகலம் 9 முதல் 10. அடியில் 9 சென்டிமீட்டர் கனம். மேல் நுனியில் ஒன்றரை முதல் இரண்டு. இழைப்பது பின்பக்கம் மட்டும், முன்பக்கம் நேராக இருக்கட்டும். 75 சென்டிமீட்டர் மண்ணுக்குள். குழியில் பலகைக்கு முன்னும் பின்னும் கல் வைத்துக் கெட்டிக்காவிட்டால் ஒரு மாதத்தில் சாய்ந்துவிடும். மேல் நுனி உங்கள் நெஞ்செலும்பு உயரம். அங்கே வைக்கோல் பிரியோ தோல் பட்டையோ கட்டுங்கள். அடிக்கும்போது பலகை பின்னே போய்த் திரும்ப வேண்டும். வளையாத பலகை மூட்டைத் தின்றுவிடும். கான்கிரீட் சுவரில் ரப்பர் ஒட்டி அடிப்பது அதைவிட மோசம்.

முதல் வாரம் ஒரு கைக்கு 10, கால்வாசி பலத்தில். வாரத்துக்கு ஐந்து கூட்டி, 50இல் நிறுத்தி, அங்கேயே மாதக்கணக்கில் இருங்கள். கணுவைச் சுண்டி எடுக்காமல், பலகையைத் தள்ளி ஒரு நொடி பிடித்து வையுங்கள். பயன் தோல் தடிப்பதில் இல்லை. குதிகால், இடுப்பு, தோள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறதா என்று பலகை உடனே சொல்லிவிடும், அதுதான் பயன். தோல் உரிந்தால் ஆறும்வரை நிறுத்துங்கள். மறுநாள் காலை முட்டி மூடவில்லை என்றாலும் அப்படியே. இதோசு 1908இல் எழுதிய பத்துக் குறிப்புகளில் ஒரு கைக்கு நூறு இருநூறு தடவை என்கிறார். அது பழகிய கைக்குச் சொன்னது. எலும்பு வளரும் வயதுப் பிள்ளைகளை மக்கிவாரா பக்கமே விடக் கூடாது.

கல், ஜாடி எல்லாம் தூக்குகிறார்களே, அது எதற்கு?

அதற்கு ஹோஜோ உண்டோ என்று பெயர், துணைப் பயிற்சி. சீ-இஷி என்பது கைப்பிடி செருகிய கல். கனம் ஒரு முனையில் மட்டும் இருப்பதால் மணிக்கட்டுக்கு வேலை. பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி, 40 சென்டிமீட்டர் கட்டையை நட்டு வீட்டிலேயே செய்யலாம். கட்டையின் அடியில் இரண்டு ஆணி குறுக்கே அடித்துவிட்டுச் செருகுங்கள், இல்லாவிட்டால் என்றாவது கல் கழன்று பறக்கும். முதலில் இரண்டு கிலோ போதும். நிகிரி-காமே, விளிம்பை ஐந்து விரலால் கவ்வித் தூக்கி நடக்கும் ஜாடி. வெறும் ஜாடியில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு பிடி மணல். ஜிம்மில் நூறு கிலோ தூக்குபவர்கள்கூட இதில் ஐந்து நிமிடத்தில் கை நடுங்கி நிற்பார்கள்.

கட்டா தனியாக ஆடுவதுதானே, அது எப்படித் தற்காப்பு ஆகும்?

தனியாகவே ஆடினால் ஆகாது. கட்டா என்பது மனப்பாடம் செய்த பாட்டு. ஆளோடு பிரித்துப் பார்த்தால்தான் பொருள். அந்தப் பிரிப்புக்குப் புன்காய் என்று பெயர்.

ஒரு எடுத்துக்காட்டு. சாய்ஃபா கட்டாவின் தொடக்கத்தில் வலது காலைக் குறுக்கே முன்னே வைத்து, வலது முட்டியை இடது கையால் மூடி, முழங்கையை முன்தள்ளிக்கொண்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் இழுப்பீர்கள். உடனே பின்னே இறங்கி, புறமுட்டியால் மேலிருந்து அடி. தனியாகப் பார்த்தால் ஏதோ அபிநயம் மாதிரி இருக்கும். ஒருவர் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுக்கட்டும். இழுக்கும் பக்கமே நீங்கள் அடியெடுத்து வைக்கிறீர்கள், அதனால் அவருடைய இழுப்பு வீண். முழங்கை முன்னே போவதால் பிடி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திறக்கிறது. எந்தப் பிடியிலும் பலவீனமான இடம் அதுதான். விடுபட்ட கை மூக்கில் இறங்குகிறது. செய்யும்போது வழுக்கும் இடம் எது தெரியுமா? கால் வைக்காமல் கையால் மட்டும் பிடுங்குவது. அப்போது பலமானவர்தான் ஜெயிப்பார்.

இதை மூன்று படியாகப் பழகுங்கள். முதலில் துணை ஆள் லேசாகப் பிடிக்கட்டும், இருபது தடவை. அடுத்து இறுக்கிப் பிடித்து இழுக்கட்டும். கடைசியில் பிடித்துக்கொண்டே மறு கையால் அறையவும் வரட்டும். மூன்றாவது படி நடக்காத கிளாஸில் புன்காய் வெறும் நாடகம்.

இதோடு காகியே. இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி, ஒருவர் தள்ள ஒருவர் வாங்குவது. முச்சிமி என்று ஒகினாவாவில் சொல்லும் ஒட்டுந்தன்மை இதில்தான் வரும். களி மாதிரி, எடுத்தால் கூடவே வரும் கை. ஒரு கைக்கு ஐந்து நிமிடம், கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம்.

எத்தனை மாதத்தில் தெருவில் என்னைக் காத்துக்கொள்ள முடியும்?

தெருவில் காப்பாற்றுவது முதலில் கண்ணும் காலும். பணப்பை கேட்டால் கொடுத்துவிடுங்கள். சுவருக்கும் ஆளுக்கும் நடுவில் மாட்டாமல் நில்லுங்கள். உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில் திறந்து வைத்து ‘வேண்டாம், விலகுங்க’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். பார்ப்பவருக்கு நீங்கள் சண்டையை மறுப்பது தெரியும். கைகளும் ஏற்கெனவே இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். இது முதல் வாரமே கற்கக்கூடியது. வாரம் இரண்டு வகுப்பு, ஆளோடு பயிற்சி என்றால், சட்டையைப் பிடிப்பது, தள்ளுவது, கையை முறுக்குவது போன்றவற்றுக்கு ஓராண்டில் உடம்பு யோசிக்காமல் பதில் சொல்லத் தொடங்கும். உடம்பே மாற, தினம் ஒன்றிரண்டு மணி நேரம் பழகினால் மூன்று நான்கு ஆண்டு ஆகும் என்பது இதோசுவின் கணக்கு.

கத்திக்கு முன்னால் ஓடுங்கள். வெறுங்கையால் கத்தியைத் தட்டிவிடும் வித்தையை உறுதியாகச் சொல்லித்தருகிறேன் என்பவரிடம் சேராதீர்கள்.

திருப்பி அடித்தால் கேஸ் ஆகுமா?

இந்தியாவில் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்தால் அந்த உரிமை துணைக்கு வராது. விழுந்தவரை உதைப்பது தற்காப்பு இல்லை. அடித்துவிட்டு நின்று பார்க்காமல் விலகும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வயதுக்கு மேல் சேரலாமா? பெண்களுக்குச் சரிவருமா?

இரண்டுக்கும் ஆம். உயர உதையும் பாய்ச்சலும் அரிதான முறை என்பதால் நாற்பதுக்கு மேல் இதுதான் தோது. உடம்பை இளக்க இருபது நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் உயரமும் எடையும் கூடிய ஆளோடு கட்டாயம் பழக வேண்டும். ஒரே அளவு ஆளோடு மட்டும் பழகிய விடுவிப்பு, இருபது கிலோ கூடுதலான ஆளிடம் எடுபடாது.

கருப்பு பெல்ட் எப்போது கிடைக்கும்?

பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. அது படித்து முடித்த சான்றிதழ் அல்ல. கருப்பு பெல்ட்டின் முதல் நிலையான ஷோதான் என்பதற்கே தொடக்கப் படி என்றுதான் பொருள்.

நல்ல மாஸ்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டரே வியர்க்கிறாரா? ‘இந்த அசைவு எதற்கு’ என்று கேட்ட மாணவருக்கு ஆளை நிறுத்திக் காட்டுகிறாரா, ‘மரபு, கேள்வி கேட்காதே’ என்கிறாரா? பழைய மாணவர்கள் ஐந்தாறு ஆண்டாக இருக்கிறார்களா? புதியவரோடு ஆடும்போது அவர்கள் பலத்தைக் குறைத்துக்கொள்கிறார்களா? பெல்ட் தேர்வுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதைச் சேருமுன்பே கேளுங்கள். சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்குகிறது என்பது எதையும் சொல்லாது.

மன வளர்ச்சி என்கிறார்களே, அது எங்கே நடக்கிறது?

தனிப் பாடமாக எதுவும் கிடையாது. வகுப்பு முடிந்ததும் பிளாக் பெல்ட்டிலிருந்து நேற்றுச் சேர்ந்தவர்வரை துணியெடுத்துத் தரையைத் துடைப்பார்கள். அடிக்க வாகாக ஆள் கிடைத்தும் பலத்தைக் குறைத்துக்கொள்ளப் பழகுவார்கள். ஒரே கட்டாவை ஆயிரமாவது தடவை செய்யும்போது வரும் எரிச்சலோடு இன்னொரு தடவை செய்வார்கள். ‘கராத்தேயில் முதல் அடி இல்லை’, அதாவது நாமாக முந்தி அடிப்பதில்லை என்ற வாசகத்தைச் சுவரில் எழுதி வைப்பது சுலபம். காகியே செய்யும்போது எதிராளியின் கை தவறி மூக்கில் பட்ட அந்த நொடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மாஸ்டர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒகினாவாவுக்கே போய்க் கற்கலாமா?

போகலாம். தொமிகுசுகுவில் 2017இல் திறந்த ஒகினாவா கராத்தே கைகான் இருக்கிறது. பயிற்சிக் கூடமும் வரலாற்றுக் காட்சியகமும் உண்டு, வெளிநாட்டவருக்கு டோஜோ, அதாவது கற்கும் இடம் தேட வழிகாட்டுகிறார்கள். பல டோஜோக்கள் மாஸ்டரின் வீட்டுக் கீழ்த்தளம்தான். பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும். அதனால் சொல்லாமல் போய் நிற்காதீர்கள். உங்கள் மாஸ்டரிடமிருந்து ஒரு அறிமுகக் கடிதம், வெள்ளை உடை இரண்டு செட், வெட்டிய நகம். கோடையில் புழுக்கம் சென்னைக்குக் குறையாது, ஒரு செட் காய்வதற்குள் மறுநாள் வகுப்பு வந்துவிடும்.